ரத்தத்தின் இரட்டை வேடம்!

காலையில் பாத்ரூமில் ரத்தத்தைப் பார்க்கிற நம்ம இளைஞர் என்ன செய்வார்? 'உடம்பு சூடு' என்று ஓர் இளநீர். மறுநாள் மோர். மூன்றாம் நாள் தானே டாக்டராகி, 'மூலம்தான்' என்று தீர்ப்புச் சொல்லி ஒரு லேகியம். ஆபீசுக்கு மட்டும் 'ஃபீவர் சார்' என்று லீவ் லெட்டர்!

வாரக்கணக்கில் ரத்தமும் சளியுமாகப் போனால், அது குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம். (குடல்வால் ஆபரேஷன் சமாசாரம் வேறு.) அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் என்று இதில் இரண்டு வகை. பெரும்பாலும் 15 முதல் 35 வயசுக்குள் வந்து கதவைத் தட்டும். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே, 2020-ல் பதவி விலகியபோது பகிரங்கமாகச் சொன்ன காரணம் கொலைட்டிஸ்தான். அவரே வெட்கப்படவில்லை, நமக்கென்ன?

இனிமேல்தான் விஷயமே. குடலில் ரத்தம் கசிகிற இதே ஆசாமிக்கு, கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறையும் அபாயமும் அதிகம். ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் ஸ்டாக்! பி.காம். மூளைக்கு டேலி ஆகாத கணக்கு. ஆனால் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் பார்கனும் பார்க்கரும் 1936-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

காரணம் இதுதான். குடல் புண்ணானால், ரத்தத்தை உறைய வைக்கும் சரக்குகள் உடம்பு முழுக்க உஷாராகின்றன. பேதியால் உடம்பில் நீர் வற்றுகிறது. படுத்தே கிடப்பதால் காலில் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. பழவேற்காடு ஏரிப்பக்கம் சுண்ணாம்புக்குளத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முகத்துவாரத்தில் ஓட்டம் குறைந்தால் மணல் மூடிக்கொள்ளும் அல்லவா? அங்கே மணல், இங்கே ரத்தக்கட்டி. அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு அபாயம்? 2010-ல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வின்படி, மற்றவர்களைவிட 3 மடங்குக்கு மேல். நோய் சீறும் நாட்களில் 8 மடங்குக்கு மேல். பதற வேண்டாம். இளவயசில் அசல் தொகை ரொம்பச் சின்னது; பெருக்கினாலும் பலருக்கு வராது. ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தால், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். "ஏற்கெனவே ரத்தம் போவுது, இதுல இந்த ஊசி வேறயா?" என்று அம்மா சண்டைக்கு வருவார். டாக்டர் செய்வது சரிதாம்மா! கொட்டுகொட்டென்று பெரிய அளவில் போனாலொழிய அதுதான் முறை.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து பைக்கில் கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில் என்று போய்வரும் நண்பரே! கொலைட்டிஸ் உள்ள உங்களுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், 'ரயில்ல நின்னு வந்தது' என்று தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். டாப்ளர் ஸ்கேன் சொல்லிவிடும். சென்ட்ரலுக்கு எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்கவே வேண்டாம், 108.

எந்த டாக்டரிடம் போனாலும் குடல் விவகாரத்தை முதலில் சொல்லுங்கள். காலைப் பார்க்கிறவருக்குக் குடல் தெரியாது.

ஆபீசில் வேண்டுமானால் 'ஃபீவர் சார்' தொடரட்டும்!