சம்மனசுகளின் யுத்தமும் நான்கு பெண்களும்



உலகம் அழிவதைக் காட்டும் படங்களுக்கு ஹொலிவூட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. வானத்திலிருந்து கல் விழும், கடல் பொங்கி ஊரை மூடும், பிணங்கள் எழுந்து நடக்கும். 2010 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியான ‘லீஜன்’ என்ற படம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. இதில் கடவுளே மனிதர் மீது நம்பிக்கை இழந்து, அவர்களை அழித்துவிடும்படி தமது சம்மனசுகளை அனுப்புகிறார். மற்றப் படங்களில் பேய் மனிதருக்குள் புகுந்து செய்யும் வேலைகளையெல்லாம் இதில் சம்மனசுகள் செய்கின்றன. பழைய படமென்றாலும் பிள்ளைகளின் கைத்தொலைபேசி வழியாக இன்றும் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. பார்த்தவர்கள் இதைப்பற்றிச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் சற்று நின்று யோசிக்க வேண்டியவை என்பதால் இம்மாதம் இதை எடுத்துக்கொண்டேன்.

கதை இதுதான். அதிதூதர் மிக்கேல் (நடிகர் போல் பெட்டனி) கட்டளைக்குப் பணிய மறுத்து, தன் சிறகுகளைத் தானே வெட்டியெறிந்துவிட்டு, துவக்குகளை அள்ளிக்கொண்டு மொஹாவி பாலைவன ஓரத்திலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேருகிறார். அங்கே பரிமாறும் வேலை செய்யும் சார்லி என்ற பெண்ணுக்கு வயிற்றில் எட்டு மாதம். அவள் பெறப்போகும் பிள்ளையாலேதான் மனிதகுலத்துக்கு மீட்சி. பிள்ளையைக் காக்க மிக்கேல், கொல்லக் கபிரியேல். கடை முதலாளி, அவருடைய மகன் ஜீப், ஒற்றைக் கைச் சமையற்காரர், கார் பழுதாகி நிற்கும் ஒரு தம்பதியர், அவர்களுடைய மகள், வழியில் தரித்த ஓர் இளைஞன் என்று சிலர் கடைக்குள் அடைபட்டுப் போகிறார்கள். வெளியே இருளில் நூற்றுக்கணக்கானவர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள்.

சமய நம்பிக்கையுள்ள பார்வையாளர்களே முதலில் கோபப்பட்டவர்கள். அவர்களுடைய குறைகள் நியாயமானவை. லூக்கா நற்செய்தியில் சக்கரியாவுக்கும் மரியாளுக்கும் பிள்ளை பிறக்கும் என்ற செய்தியைக் கொண்டுவருபவர் கபிரியேல். படத்தில் அவரே பிள்ளையைக் கொல்ல வருகிறார். ‘லீஜன்’ என்ற பெயரும் தலைகீழாகத்தான் நிற்கிறது. மாற்கு நற்செய்தியில் ‘நாங்கள் பலர்’ என்று சொல்லும் அசுத்த ஆவியின் பெயர் அது, தமிழ் விவிலியத்தில் லேகியோன். நோவாவின் காலத்து வெள்ளத்துக்குப் பின்னர் வானவில்லைக் காட்டிக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி எங்கே போயிற்று என்று கேட்டவர்களும் உண்டு. எனினும் இயக்குநர் ஸ்கொட் ஸ்டூவர்ட் இதை வெறுங்கையால் உருவாக்கிவிடவில்லை. திருவெளிப்பாட்டு நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள், அவள் பெறும் பிள்ளையை விழுங்க ஒரு பாம்பு காத்திருக்கிறது, அந்தப் பாம்போடு மிக்கேல் போரிடுகிறார். படத்தில் பாம்பின் இடத்தில் கபிரியேலை நிறுத்திவிட்டார்கள்.

சண்டைப்பட ரசிகர்களுக்கு வேறு குறை. முன்னோட்டத்தைப் பார்த்துச் சம்மனசுகளின் பெரும் யுத்தத்தை எதிர்பார்த்துப் போனால் பாதிப் படமும் கடைக்குள் இருந்து கதைப்பதிலேயே போய்விடுகிறதாம். பரிமாறும் பெண், அவளுக்குப் பிறக்கப்போகும் மீட்பன், காக்க வரும் அந்நியன் எல்லாம் 1984இல் வந்த ‘டேர்மினேற்றர்’ படத்திலேயே இருந்தவை என்றும் சொல்கிறார்கள். அதுவும் சரிதான். விமர்சகர்களில் பெரும்பாலானோர் படத்தைக் கைவிட்டார்கள். ஆனால் ஏறத்தாழ 26 மில்லியன் டொலர் செலவில் எடுத்த படம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சம்பாதித்தது.

திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் ஒன்றுபடும் இடம் ஒன்றிருக்கிறது. ஊன்றுகோல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கடைக்குள் வரும் ஓர் ஆச்சி. இனிமையாகச் சிரிப்பார், அன்பாகக் கதைப்பார். பிறகு சார்லியைப் பார்த்து உன் பிள்ளை எரிந்து போகும் என்பார். அடுத்த நிமிடம் ஒருவரின் கழுத்தைக் கடித்துவிட்டு, பல்லியைப்போல் கூரையில் ஊர்வார். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்த ஆச்சியைத்தான். நானும் திடுக்கிட்டேன், பிறகு சிரித்தேன். வயதான பெண்ணென்றால் பலமற்றவள், யாருக்கும் தீங்கு செய்யாதவள் என்று நாம் முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருப்பதால்தான் அந்தக் காட்சி எடுபடுகிறது. (கூரையில் ஏறாமலே, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்து இப்படிச் சொல்கிறவர்கள் எல்லா ஒழுங்கைகளிலும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.)

சார்லியைப் பற்றிப் பார்வையாளர் சொல்வதைக் கேட்டால் அவள்தான் குற்றவாளி போலிருக்கும். வயிற்றில் பிள்ளையோடு சிகரெட் புகைக்கிறாள், பிறந்ததும் பிள்ளையைக் கொடுத்துவிட நினைக்கிறாள், இவளா உலகத்தைக் காக்கப் போகும் தாய் என்கிறார்கள். எனக்கு இப்படத்தில் பிடித்த ஒரே விடயம் அதுதான். தாய்மை என்பது வயிற்றில் கரு உண்டான அன்றே தானாக ஊறிவிடும் என்று எழுதியும் பாடியும் வைத்திருக்கிறோம். விருப்பமில்லாமலும், துணையில்லாமலும், நாளைய சோற்றுக்கு வழியில்லாமலும் கர்ப்பமான பெண்களோடு இருந்து கதைத்த எவருக்கும் அது அப்படியல்ல என்பது தெரியும். சார்லியும் அப்படி ஒருத்தி. கடைக்குள்ளும் வெளியிலும் எல்லோருக்கும் அவளுடைய வயிற்றில் உள்ளதுதான் கணக்கு. உனக்கு என்ன வேண்டும் என்று நின்று நிதானமாகக் கேட்பதற்குப் படத்துக்கு நேரமில்லை. பிள்ளை பிறந்தவுடன் அவளும் ஒரு நொடியில் மாறிவிடுகிறாள். அந்த மாற்றத்துக்குத் துவக்குச் சண்டைக்குக் கொடுத்த நேரத்தில் பத்திலொரு பங்கைக் கொடுத்திருந்தாலும் நான் நம்பியிருப்பேன்.

இனிச் சான்ட்ரா. கார் பழுதாகி நிற்கும் தம்பதியரில் மனைவி. வந்தது முதல் சிடுசிடுப்பவள், மகள் ஓட்ரியின் உடுப்பைக் குறை சொல்பவள். நாம் அவளை வெறுக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்து எழுதியிருக்கிறார்கள். இரவில் அவளுடைய கணவனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். விடிந்து பார்த்தால் கடைக்கு வெளியே, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, தலைகீழாகச் சிலுவையில் தொங்கவிடப்பட்டிருக்கிறான். உள்ளே இருப்பவர்களை வெளியே இழுப்பதற்கான தூண்டில் அது. அவள் ஓடுகிறாள். அவளைக் காப்பாற்றப் போன சமையற்காரர் இறந்துபோகிறார். பின்னர் சார்லிக்குப் பிள்ளை பிறந்ததும், அந்தப் பிள்ளையை வெளியே நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தப்பலாம் என்று பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறாள். மிக்கேல் அவளைச் சுட்டுவிடுகிறார். மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பார்வையாளர் பலருக்கு இந்தச் சாவு நிம்மதியைத் தந்திருக்கிறது. மோட்டுப் பெண், எரிச்சலூட்டுகிறவள், முதலிலேயே செத்திருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் பெண்கள் குழுவிலும் மகன்மாரின் தொலைபேசியில் படத்தைப் பார்த்த இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். தையல் முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரம் இந்தப் பேச்சு வந்தது. ஓர் இளம் பிள்ளை சான்ட்ராவுக்கு நன்றாக ஏசினாள். யுத்தத்தில் கணவனைப் பறிகொடுத்த ஓர் அம்மா அதுவரை பேசாமல் இருந்தவர், “அவளுக்கு ஏசாதேங்கோ பிள்ளை. மனுசன் கண்ணுக்கு முன்னாலை தொங்கேக்கை அறிவு எங்கை நிக்கும்?” என்றார். பிறகு யாரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

சான்ட்ரா செய்ய முயன்றது சரியென்று அந்த அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறந்த பிள்ளையைக் கொலைகாரர் கையில் கொடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் சரியாகாது. ஆனால் அவள் செய்தது புதுமையானதல்ல. சுற்றிவளைக்கப்பட்ட ஓர் இடத்தில், பயத்தில் இருக்கும் மனிதர்களுக்கு, யாரோ ஒருவரைக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் பிழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருவதும், அந்த ஒருவர் எப்போதும் கூட்டத்தில் மிகப் பலமற்றவராகவே இருப்பதும் சமூகவியல் படித்துத்தான் தெரியவேண்டியதல்ல. இந்த எண்ணத்தின் முன் ஒரு பெண் எப்படி உடைகிறாள் என்று காட்டப் படத்துக்கு நல்ல வாய்ப்பிருந்தது. அவளைச் சிடுமூஞ்சியாக்கி, பார்ப்பவர் கைதட்டும்படி கொன்றுவிட்டார்கள்.

ஓட்ரியைப் பற்றிப் பேசுகிறவர்களையே காணோம். தகப்பனையும் தாயையும் இழந்த பிள்ளை அவள். அழுவதற்குக்கூட நேரமில்லை. சார்லியும் குழந்தையும் ஜீப்பும் தப்பிச் செல்லும் காரில் அவளும் இருக்கிறாள். துரத்திவந்து காருக்குள் நுழைய முயலும் கபிரியேலைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைக் காப்பாற்றித் தான் இறந்துபோகிறாள். சிறகுள்ள மிக்கேலின் தியாகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். இறந்த பின்னும் அவர் திரும்பி வருகிறார். ஓட்ரி வரவில்லை.

பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு விடயம். கூரையின் மேலிருந்து விடாமல் சுடும் நீண்ட இரவுக்காட்சி ஒன்று இதில் உண்டு. நமது யுத்தம் 2009 மேயில் முடிந்து எட்டு மாதங்களில் வெளியான படம் இது. வேறு தேசத்தில் வேறு மனிதருக்காக எடுக்கப்பட்டது. ஆனால் சத்தம் எந்தத் தேசத்துக்கும் ஒன்றுதான். நெஞ்சு படபடத்தாலோ, கை வியர்த்தாலோ, அன்றிரவு நித்திரை வராது என்று தோன்றினாலோ சத்தத்தைக் குறையுங்கள், அல்லது எழுந்து போய்விடுங்கள். பிள்ளைகள் கேலி செய்தால் செய்யட்டும். அவர்களுக்கு அது படம் மட்டும்தானே.

படத்தின் முடிவில் சார்லியும் ஜீப்பும் குழந்தையோடு காரில் போகிறார்கள். காரின் பின்பக்கம் நிறையத் துவக்குகள். கதை அத்தோடு நிற்கவில்லை. 2014இல் இதன் தொடர்ச்சியாக ‘டொமினியன்’ என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கி, இரண்டு பருவங்கள் ஓடி 2015இல் நின்றுபோனது. கதைப்படி இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. மிக்கேல் இருக்கிறார், கபிரியேல் இருக்கிறார், வளர்ந்து படைவீரனான அந்தப் பிள்ளை இருக்கிறான். பெற்றவள் முக்கிய பாத்திரங்களில் இல்லை.