ஜிம்மிக்கு என்னாச்சு?

அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் இருக்கிற கடலூர் பசங்களே, பொண்ணுங்களே... போன தடவை ஊருக்குப் போனப்ப உங்க வீட்டு நாய் உங்களை எப்படி வரவேற்றுச்சு? கொஞ்சம் யோசிச்சு வைங்க.

எங்க ஜிம்மி லாப்ரடார். நான் சிதம்பரத்தில் படிச்ச காலத்தில் மாசம் ஒரு தடவைதான் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வருவேன். தெருமுனை திரும்பும்போதே கேட் மேல ரெண்டு காலையும் தூக்கி வெச்சு நிக்கும். அதுக்கு ஆறு வயசு தாண்டினதும் ஒரு மாசம் கேட்டுக்கு வந்துச்சு, குதிக்கலை. அடுத்த மாசம் வாலை மட்டும் ஆட்டுச்சு. அதுக்கும் அடுத்த மாசம், படுத்த இடத்திலேர்ந்து ஒரு பார்வை. அவ்ளோதான்! எழுப்பப் போன தம்பியைப் பார்த்து 'உர்ர்ர்...'

"வயசாயிடுச்சுடா" என்றார் அம்மா. அப்பாவோ, "திமிரு. யாருக்காவது குடுத்துடலாம்" என்றார்.

தினமும் பார்க்கிறவங்க கண்ணுக்கு மெதுவா வர்ற மாற்றம் தெரியாது. மாசம் ஒரு தடவை வர்ற எனக்குத் தெரிஞ்சது. சாப்பாடு அதே அளவுதான், எடை மட்டும் ஏறுது. கடலூர் வெயிலில் நாமே நிழல் தேடும்போது, அது வெயிலைத் தேடிப் போய்ப் படுக்குது. வாலில் முடி கொட்டி எலிவால் மாதிரி ஆயிடுச்சு. இதையெல்லாம் கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு குறைவு!

நாய்க்கு இது பெரும்பாலும் நடுவயதில் வரும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியை அரித்துவிடும். அல்லது சுரப்பி தானாகவே சுருங்கிவிடும். (பூனைக்கு நேர் எதிர், வயசானால் அதிகமாகச் சுரக்கும்!)

அதுக்காக உறுமுற நாய்க்கெல்லாம் தைராய்டுன்னு கிளம்பிடாதீங்க. கோபத்துக்கும் தைராய்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசுபவர்கள் ரொம்ப காலமாக உண்டு. ஆனால், வீட்டு ஆட்களிடமே முரட்டுத்தனம் காட்டும் நாய்களையும் சாதுவான நாய்களையும் ஒப்பிட்டு 2012-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், தைராய்டு அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மந்தம் உறுதி, கோபம் சந்தேகம். காது வலி, மூட்டு வலி, தோல் அரிப்புக்கும் நாய் உறுமும். டாக்டர் அதையும் பார்க்கணும்.

டி4 மட்டும் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. வேறு நோய் இருந்தாலும், ஸ்டீராய்டோ வலிப்பு மாத்திரையோ கொடுத்தாலும் டி4 இறங்கும். கூடவே டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 பார்ப்பது நல்லது. கடலூரில் வழியில்லைன்னா பக்கத்திலேயே புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

மருந்து, அம்மா காலையில் வெறும் வயித்தில் போடுற அதே லிவோதைராக்சின்தான். உடனே அம்மா டப்பாவில் கை வைக்காதீங்க பாஸ்! எடைக்கு எடை பார்த்தால் நாய்க்கான அளவு மனுஷ அளவைவிடப் பல மடங்கு. அதை டாக்டர்தான் சொல்லணும். ஆயுசுக்கும் கொடுக்கணும். ஆரம்பிச்சு நாலிலிருந்து எட்டு வாரத்தில், மாத்திரை போட்டு 4 - 6 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. சுறுசுறுப்பு ஓரிரு வாரத்திலேயே தெரியும். முடி வளர மாசக்கணக்காகும்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். தைராய்டு மாற்றம் மாசக்கணக்கில் வருவது. ரெண்டு மூணு நாளிலேயே நாய் ஆளே மாறி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல், கண்டதையும் கடித்தால் அது ரேபிஸாக இருக்கலாம். கிட்டவே போகாதீங்க. கடி பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, நேரா ஜி.ஹெச். போய் ஊசி போட்டுக்கணும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியமெல்லாம் வேண்டாம்.

ஜிம்மி? மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம் நான் போனப்ப கேட் மேல ஏறலை. ஆனா கேட் வரைக்கும் வந்துச்சு. அப்பா யாருக்கும் குடுக்கிற பேச்சையே எடுக்கலை. தம்பி மட்டும் கொஞ்ச நாளைக்கு ரெண்டடி தள்ளியே நின்னான்.