35 வயசுல சென்னை வந்த ஸ்பெயின் வீரர்: ஐ.எஸ்.எல். வெறும் 'ரிட்டயர்மென்ட் லீக்'தானா?

"அண்ணா, அங்க ஆட்டம் முடிஞ்சவங்கதானே இங்க வர்றாங்க?"

ஆட்டையாம்பட்டியில் இருக்கும் என் சித்தி பையன் கேட்ட கேள்வி இது. முறுக்குக்குப் பேர் போன ஊர். ஃபுட்பால் பார்ப்பவர்கள் குறைவு. பார்க்கும் நாலு பேரும் நடுராத்திரியில் ஐரோப்பா மேட்ச் பார்ப்பார்கள், சென்னை மேட்ச் பார்க்க மாட்டார்கள். காரணம் கேட்டால் இந்த ஒரு வரிதான் பதிலாக வரும்.

அவன் சொல்வதில் பொய் இல்லை. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, 2005-ல் லிவர்பூலுடன் சாம்பியன்ஸ் லீக் வென்ற லூயிஸ் கார்சியா கொல்கத்தாவுக்கு வந்தார். 2010 உலகக்கோப்பை வென்ற ஸ்பெயின் அணியில் இருந்த கேப்டேவிலா கவுகாத்தி அணிக்கு வந்தார். இரண்டு பேருக்கும் அப்போது 36 வயது. போஸ்டரில் போட நல்ல முகங்கள்.

ஆனால் சென்னைக்கு வந்த இன்னொரு ஸ்பெயின்காரர் போஸ்டருக்கு ஆகாத ஆள். அவர் பெயர் இனிகோ கால்டெரோன்.

யார் இவர்?

1982-ல் ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியில் உள்ள விட்டோரியாவில் பிறந்தவர். ஆடியது ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டம். சொந்த ஊர் அணியான அலவேஸுக்காக ஆடினார், அதுவும் இரண்டாம் நிலை லீக்கில். ரியல் மாட்ரிட், பார்சிலோனா ஆடும் லா லிகாவில் அவர் கால் பதிக்கவே இல்லை.

2010 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரைட்டன் அணிக்குப் போனார். அப்போது பிரைட்டன் மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. அடுத்த சீசனிலேயே அந்த லீக்கை ஜெயித்து மேலே ஏறினார்கள். அதன் பிறகு பிரீமியர் லீக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 2013, 2014, 2016 என மூன்று முறை பிளே-ஆஃப் அரையிறுதியில் தோல்வி.

அதிலும் 2016 ரொம்பக் கொடுமை. இரண்டாம் இடம் பிடித்தால் நேரடியாக பிரீமியர் லீக். மிடில்ஸ்பரோவும் பிரைட்டனும் 89 புள்ளிகளில் சமம். கோல் வித்தியாசத்தில் இரண்டே இரண்டு கோல் குறைவு, அதனால் பிரைட்டன் மூன்றாம் இடம். அந்தக் கோடையில், 200-க்கும் மேற்பட்ட போட்டிகளுக்குப் பிறகு, கால்டெரோன் கிளப்பை விட்டுப் போனார். அடுத்த வருஷம், 2017-ல், பிரைட்டன் பிரீமியர் லீக்குக்குள் நுழைந்தது. அவர் அப்போது சைப்ரஸில் ஆடிக்கொண்டிருந்தார்.

சென்னையில் என்ன செய்தார்?

2017-ல் சென்னையின் எஃப்.சி. அவரை எடுத்தபோது வயது 35. பயிற்சியாளர் இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகோரி. முதல் மேட்ச் நவம்பர் 19, நேரு ஸ்டேடியம், எதிரணி கோவா. முதல் பாதியிலேயே சென்னை 0-3. இரண்டாம் பாதியில் சென்னைக்கு முதல் கோல் போட்டது கால்டெரோன்தான். மேட்ச் 2-3 என்று தோற்றாலும், அணி அதோடு சுருண்டு போகவில்லை. லீக் சுற்றில் 32 புள்ளிகளோடு இரண்டாம் இடம். அரையிறுதியில் அதே கோவாவை அதே நேரு ஸ்டேடியத்தில் 3-0 என்று அடித்தது. அதில் ஒரு கோல் வியாசர்பாடி பையன் தன்பால் கணேஷ் போட்டது.

2018 மார்ச் 17, பெங்களூரு, இறுதிப்போட்டி. லீக் சுற்றில் சென்னையைவிட 8 புள்ளி அதிகம் எடுத்திருந்த பெங்களூரு, 9-வது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோலால் முந்தியது. பிரேசில்காரர் மைல்சன் ஆல்வ்ஸ் இரண்டு முறை தலையால் முட்டினார், ரஃபேல் அகஸ்டோ ஒன்று அடித்தார். 3-2. சென்னைக்கு இரண்டாவது கோப்பை. வலது பக்கத்தில் நின்றவர் கால்டெரோன்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

அன்று சென்னையின் நான்கு பேர் கொண்ட தடுப்பாட்ட வரிசையில் மூன்று பேர் வெளிநாட்டவர்: கால்டெரோன், ஆல்வ்ஸ், போர்ச்சுகலின் செரேனோ. மிஜோரமின் ஜெர்ரி மட்டும்தான் இந்தியர். மூன்று கோலும் பிரேசில்காரர்கள் போட்டது. கோப்பை சென்னைக்கு வந்தது, ஆனால் முதுகெலும்பு வெளியூர் எலும்பு. அடுத்த சீசனில் என்ன ஆச்சு? 18 மேட்சில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். அனுபவசாலிகளை வைத்து ஒரு வருஷம் ஜெயிக்கலாம். அவர்கள் கால் கொஞ்சம் தளர்ந்தால் தாங்கிப் பிடிக்க கீழே ஆள் வேணுமே?

ரூல் மாறினால் என்ன மாறும்?

2014-ல் மைதானத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-ல் அது ஐந்தானது. 2021-22 சீசனிலிருந்து நான்கு. நான்கே இடம் இருந்தால் எந்தக் கிளப்பும் ஸ்ட்ரைக்கர், சென்டர் பேக், நடுக்கள ஆட்டக்காரர் என்றுதான் செலவழிக்கும். 35 வயது ரைட் பேக்குக்கு ஒரு இடத்தைக் கொடுப்பது கஷ்டம். அந்த இடம் இன்று பெரும்பாலும் இந்தியப் பையன்களுக்குத்தான். கால்டெரோன் மாதிரி ஆட்கள் வராமல் போனது ஒரு நஷ்டம்தான். ஆனாலும் என்னைக் கேட்டால், இந்த மாற்றம் சரி.

அதே நேரம், 'ரிட்டயர்மென்ட் லீக்' என்ற கிண்டல் இவர் மேல் ஒட்டாது. ஓய்வெடுக்க வந்தவர் 35 வயதில், சென்னை வெக்கையில், பக்கவாட்டில் மேலும் கீழும் ஓடும் வேலையைத் தேர்ந்தெடுக்க மாட்டார். அவர் தன் ஆட்ட வாழ்க்கையில் வென்ற பெரிய கோப்பைகளில் ஒன்று இங்கே கிடைத்தது.

இப்போது எங்கே?

ஆட்டத்தை முடித்துக்கொண்டு பயிற்சியாளர் ஆனார். 2024 டிசம்பரில் இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் இருந்த பிரிஸ்டல் ரோவர்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. அணி கீழ் லீக்குக்கு இறங்கியது, 2025 மே மாதம் வேலையும் போனது.

அதே 2025 ஜூலையில், உரிமை ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. சித்தி பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரிண்ணா, அப்போ நம்ம ஊர் ரைட் பேக் யாரு?" என்று கேட்டான்.