இரக்கம் வற்றியதாம்!

இக்காலச் செவிலியர்களுக்கு இரக்கம் வற்றிவிட்டது, அன்று சேவை இன்று சம்பளம் என்று தீர்ப்பெழுதிய கட்டுரையாளர், வேப்பந்தட்டைப் பக்கம் சாகக் கிடக்கும் புற்றுநோயாளிகளை வீடு தேடிப் போகும் நர்சுகளையே சாட்சிக்கு இழுக்கிறார். சாட்சியை அவர் விசாரித்தாரா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நோய்த்தணிப்புக்கென வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் என்பதே ஏற்பாடு. வேப்பந்தட்டை ஒன்றியத்தில் ஊராட்சிகள் 29. வாய்ப்புற்று முற்றிக் கன்னம் துளைபட்டவரின் புண்ணில் டர்பன்டைன் விட்டு, புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, நாற்றம் அடங்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டும்போது, "ஆறிடுமாம்மா?" என்று குழறுகிறார் அவர். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சிஸ்டர்" என்று மகன் வாசலிலேயே கேட்டுக்கொண்டிருப்பான். அந்தப் பொய்யையும் சுமந்து அடுத்த வீட்டுப் படியேறுகிறவர் முகம் இறுகினால் அது கல்நெஞ்சமா? செவிலியரிடம் காணும் இந்த நிலைக்கு 1992இலேயே கார்லா ஜாய்ன்சன் இரக்கச் சோர்வு என்று பெயரிட்டு எழுதிவிட்டார். இரக்கமே இல்லாதவருக்கு அது எப்படி ஐயா வரும்?

அடுத்து நைட்டிங்கேலின் விளக்கைத் தூக்கி வருகிறார். அந்த அம்மையார் கேட்டது சாக்கடைச் சீரமைப்பு, காற்றோட்டம், சாவுக் கணக்கு. கிரிமியப் போர்ச் சாவுகளை வரைபடமாக்கி அதிகாரிகள் முகத்தில் நீட்டியவரை வெறும் தியாகச் சிலையாக்குவது வாசிக்காதவர் வேலை.

சம்பளம் என்றதும் அவருக்குக் கசக்கிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு மருத்துவமனைகளுக்கு எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு அன்று தரப்பட்டது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ஊதியம் கேட்டால் "இது சேவை" என்பவர், ஊசி போடத் தாமதமானால் "சம்பளம் வாங்கவில்லையா" என்கிறார். ஒரே வாயில் இரண்டு நாக்கு!

கடைசியில் மருந்தாக அவர் தருவது தியான முகாம். செவிலியரை நொறுக்குவது சாவு மட்டுமல்ல. தணிக்கக்கூடிய வலியைத் தணிக்க வழியின்றி எதிரே நிற்பதும்தான். 1985இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடி 2014இல் தளர்ந்த பின்னும் மார்ஃபின் மாத்திரைக்கு அலையும் குடும்பத்திடம் போய் மூச்சுப்பயிற்சி சொல்வாரா? பழியைச் செவிலியர் மனசின்மேல் போட்டுவிட்டால், இன்னொரு செவிலியரை நியமிக்க வேண்டியவர்களும் மாத்திரையை அனுப்ப வேண்டியவர்களும் நிம்மதியாகத் தூங்கலாம். கட்டுரை யாருக்காக எழுதப்பட்டது என்பதை அவரே சொல்லட்டும்.