தாயைப் பழித்தல் தகாது

மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைக் கண்டதும் ஊரார் முதலில் தேடுவது தாயின் குற்றத்தையே. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களாயினும், தம்பலகாமத்து வயற்கரையாயினும் பேச்சு ஒன்றுதான்: அவள் அணைத்து வளர்க்கவில்லை, அவள் குடும்பத்தின் முன்வினை!

இப்பழியைச் சுமத்தியது நம் ஊர் மட்டுமன்று. 1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து ஓட்டிசத்தை விவரித்தார். பின்னர், பெற்றோரின் அன்பின்மையே காரணமென்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் எழுதினர். மேலைநாட்டுக் கல்வியும் அன்று தாயையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திற்று.

அத்தீர்ப்பின் அடித்தளத்தை 1977இல் சூசன் போல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் அசைத்தனர். அவர்கள் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில், நான்கில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. ஏனைய 10 சோடிகளில் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. இரட்டையர் எவராயினும் ஒரே வீட்டில் வளர்பவர்களே. எனவே, வேறுபாட்டை விளக்குவது வளர்ப்பன்று, பரம்பரையலகு.

அப்படியாயின் பழியைக் குருதிமேல் ஏற்றலாமா? ஆகாது. ஓட்டிசத்தோடு தொடர்புடைய பரம்பரையலகுகள் நூற்றுக்கணக்கானவை. அவை தாய்வழியும் வரும், தந்தைவழியும் வரும். பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய விகாரமாகவும் தோன்றும். தேர்ந்தெடுத்த விதைநெல்லிலும் வேறுபட்ட கதிரொன்று தலைநீட்டுவதை உழவர் அறிவர். அதற்காக அவர் நிலத்தைச் சபிப்பதில்லை.

ஓட்டிசமுள்ள பிள்ளைக்குப் பின் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அது ஏற்படலாமென அண்மைய ஆய்வுகள் கூறுகின்றன. இவ்வறிவு தமக்கையின் மணப்பேச்சைக் கலைப்பதற்கன்று. தம்பியைக் காலத்தோடு கவனிப்பதற்கே.

இது அரிதான குறையுமன்று. இலங்கையின் அரைநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளிடையே நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வு, 93 பேருக்கு ஒருவரெனக் கண்டது.

ஆதலால் நாம் கேட்பது இரக்கமன்று, உரிமை. குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையின் நிறையைப் பார்ப்பதுபோல் அதன் பார்வையையும் பேச்சையும் தவறாது பார்க்கட்டும். தாய்மொழியில் பேச்சுப் பயிற்சி இம்மாவட்டத்திலேயே போதிய அளவு கிடைக்கட்டும். மூதூர் உழவரும் கிண்ணியா மீனவரும் தொழிலைக் கைவிட்டுக் கொழும்புக்கு அலையும் நிலை கூடாது.

அரசு தன் கடமையைச் செய்யட்டும். ஆனால் தாயைத் தூற்றும் நாவை அடக்க அரசாணை வேண்டியதில்லை. அதை இன்றே நாம் செய்யலாம், செய்தே ஆகவேண்டும்.