பெட்டி பேசாத சனிக்கிழமை

சென்னையிலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி, பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில் உள்ளே திரும்பினால் திருப்புட்குழி. புள் என்றால் பறவை. ராவணனிடம் வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். விஜயராகவப் பெருமாள் கோயில் குளத்துக்குப் பெயரே ஜடாயு தீர்த்தம். (கும்பகோணம் பக்கத்துப் புள்ளபூதங்குடியிலும் இதே கதையைச் சொல்வார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.)

ஜடாயு என்றதும் எல்லோரும் சண்டையைத்தான் பேசுவார்கள். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. சீதையை யார் தூக்கிக்கொண்டு போனது, எந்தத் திசையில் போனது என்ற தகவலை, கேட்க வேண்டியவர் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து சொன்னது. வாங்க வேண்டியவர் எப்போது வருவார் என்று தெரியாது. ஆனால் தகவல் அழியக் கூடாது.

அதே வேலையைச் செய்ய இன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பூக்கடையோ டீக்கடையோ, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேன் செய்து பணம் போட்டதும் ‘ஐம்பது ரூபாய் வந்தது’ என்கிறது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கவனிக்கிறார். அந்தக் குரலை அவ்வளவு நம்புகிறார்.

அந்த நம்பிக்கை ஒருநாள் ஆட்டம் கண்டது. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டே நாள். முற்பகலில் தொடங்கி மணிக்கணக்கில் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு யுபிஐயை நடத்தும் என்பிசிஐ காரணத்தைச் சொன்னது. திருட்டும் இல்லை, மெஷின் எரிந்துபோகவும் இல்லை. ‘இந்தப் பரிவர்த்தனை முடிந்ததா?’ என்று கேட்கும் கோரிக்கைகள் வெள்ளமாக வந்து மோதியிருக்கின்றன. சில வங்கிகளின் பக்கமிருந்து, பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூடத் திரும்பத் திரும்ப அதே கேள்வி. ஊருக்குப் போன பிள்ளைக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்து ‘வந்துட்டியா, வந்துட்டியா’ என்று கேட்டால் அவன் வண்டி ஓட்டுவானா, போனை எடுப்பானா?

அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2025 ஆகஸ்ட் முதல் ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது. நிலுவையில் நிற்கும் பரிவர்த்தனையின் நிலையைக் கேட்பதற்கும் எண்ணிக்கையும் இடைவெளியும் வைத்தார்கள். அதே ஆகஸ்டில்தான் யுபிஐ முதல்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், நடுவில் இருக்கும் பெரிய மெஷினைத் திணறடித்தது அதனுடன் பேசும் பக்கத்து மென்பொருள். சர்வீஸிடம் கேட்கும், கொடுக்கும், வாங்கும் இந்த மென்பொருளுக்கு ‘கிளையண்ட்’ என்று பெயர். சர்வீஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கிளையண்டை எழுதியவர் அரைகுறையாக எழுதினால் அவதி கடை வாசலுக்கு வந்துவிடும்.

சிட்டையும் கணக்குப்பிள்ளைகளும்

‘வந்ததா, வந்ததா’ என்று கேட்காமல் இருக்க என்ன வழி? நடந்ததை நடந்தவுடன் ஓரிடத்தில் எழுதி வைப்பது. வேண்டியவர்கள் அங்கிருந்து வரிசையாகப் படித்துக்கொள்வது. இதற்கு ‘ஈவன்ட் ஸ்ட்ரீமிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மூர் மளிகைக் கடைகளில் இருந்த சிட்டைதான் இது. விற்றது, வாங்கியது, கடன் கொடுத்தது எல்லாம் நடந்த வரிசையில் சிட்டையில் விழும். அடித்தல் திருத்தல் கூடாது. தவறு என்றால் கீழே இன்னொரு வரி. சிட்டையைப் பார்த்துத்தான் பேரேடு எழுதுவார்கள்.

கம்ப்யூட்டர் உலகில் பிரபலமான சிட்டையின் பெயர் காஃப்கா. லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேஹா நார்கெடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கி, 2011-ல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். நேஹா, புனேயில் வளர்ந்தவர். எழுதுவதற்காகவே செய்த மென்பொருள் என்பதால் ஒரு எழுத்தாளரின் பெயரை வைத்ததாக ஜே கிரெப்ஸ் சொல்லியிருக்கிறார். 2019-ல் லிங்க்ட்இன் மட்டுமே ஒரு நாளைக்கு 7 லட்சம் கோடி வரிகளை இதில் எழுதிக்கொண்டிருந்தது.

சொந்தமாகக் காஃப்கா வைத்து நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. அதனால் இப்போது கிளவுடில் வாடகைக்குக் கிடைக்கிறது. மூவரும் சேர்ந்து 2014-ல் தொடங்கிய கான்ஃப்ளூயன்ட் நிறுவனமும், அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவையும் இதைத் தருகின்றன. ஒவ்வொரு வரிக்கும் பிரதி எடுத்து வெவ்வேறு மெஷின்களில் வைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பயன்படுத்தும் அளவுக்குப் பணம். சிட்டை வாடகைக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் எழுதுகிற கையையும் படிக்கிற கணக்குப்பிள்ளையையும் நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோனி ஆடிய மேட்சும் 500 கோடி பொம்மைகளும்

எழுதுகிற கைக்கு ஒரு நல்ல உதாரணம் ஹாட்ஸ்டார். 2019 உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர், இந்தியா - நியூசிலாந்து. தோனி ரன் அவுட் ஆனதைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மேட்சை ஒரே நேரத்தில் 2.53 கோடி பேர் ஹாட்ஸ்டாரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோனி நடையைக் கட்டியதும் கூட்டம் மளமளவென இறங்கியது.

மேட்ச் பார்க்கும்போது திரையில் கைதட்டல், அழுகை, நெருப்பு என்று இமோஜி பொம்மைகளைத் தட்டலாம். அந்த உலகக் கோப்பை முழுக்க ரசிகர்கள் தட்டியவை 500 கோடிக்கு மேல். ஒவ்வொரு தட்டலும் ஒரு ஈவன்ட். அத்தனையும் காஃப்கா வழியாகத்தான் போயின. எப்படிச் சமாளித்தோம் என்று அவர்களுடைய இன்ஜினியர்களே விளக்கி எழுதியிருக்கிறார்கள்.

ஒருவர் சிக்ஸருக்குத் தட்டியதும் அவருடைய போன் நேராகக் காஃப்காவுக்குப் போகாது. நடுவில் ஒரு சர்வர். ‘கிடைத்தது’ என்று போனுக்கு உடனே பதில் சொல்லிவிடும். தட்டலைத் தன் நினைவில் போட்டுக்கொண்டு, அரை விநாடிக்கு ஒருமுறை மொத்தமாகக் கொண்டுபோய்ச் சிட்டையில் எழுதும். அங்கிருந்து இன்னொரு மென்பொருள் 2 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கூட்டி, எந்த பொம்மை அதிகம் என்று பார்த்து எல்லோருடைய திரைக்கும் அனுப்பும்.

சிட்டையில் எழுதும் முன்பே ‘கிடைத்தது’ என்று சொல்வது பொய் இல்லையா? ஒரு விதத்தில் பொய்தான். அந்த அரை விநாடிக்குள் சர்வர் படுத்துவிட்டால் கையில் இருந்த கைதட்டல்கள் போயே போச்சு. ஆனால் யாருக்கு நஷ்டம்? 500 கோடியில் சில ஆயிரம் கைதட்டல் குறைந்தால் தோனி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வேகம் முக்கியம், ஒன்றிரண்டு தொலைந்தால் பரவாயில்லை என்று தெரிந்தே எடுத்த முடிவு. புத்திசாலித்தனமான முடிவும்கூட.

அதே முடிவைப் பூக்கடைப் பணத்துக்கு எடுத்தால் போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். அங்கே சிட்டையில் வரி விழுந்து, பிரதிகளும் எடுத்தாகிவிட்டது என்ற பதில் வரும்வரை ‘கிடைத்தது’ என்று மூச்சு விடக் கூடாது. கிளையண்ட் எழுதுகிறவர் கோடு போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இதைத்தான்: இந்தத் தகவல் தொலையலாமா, தொலையக் கூடாதா? ஏனோ நிறையப் பேர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

நூல் எந்தப் பக்கத்தில்?

தொலையக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் அடுத்த தலைவலி, இரட்டிப்பு. எழுதியாயிற்று, ஆனால் ‘எழுதிவிட்டேன்’ என்ற பதில் வரும் வழியில் நெட்வொர்க் போய்விட்டது. அனுப்பியவர் என்ன செய்வார்? மறுபடி அனுப்புவார். சிட்டையில் ஒரே விற்பனை இரண்டு வரி! இதற்காக 2017-ல் காஃப்காவில் ஒரு வசதி வந்தது. அனுப்புகிறவர் ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் போடுவார். அதே எண் மறுபடி வந்தால் சிட்டை தள்ளிவிடும். 2021-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, கேட்காமலே இது இயங்குகிறது. இருந்தாலும் அனுப்பும் ஆப்பே நின்று, மறுபடி கிளம்பி, பழைய விற்பனையைப் புதிதுபோல அனுப்பினால் காஃப்காவுக்கு அது தெரியாது. அதனால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சொந்தமாக ஒரு எண் இருந்தே ஆக வேண்டும்.

படிக்கும் பக்கம் இன்னும் சுவாரஸ்யம். ஒரே சிட்டையைப் பல கணக்குப்பிள்ளைகள் படிக்கலாம். ஒருவர் பேரேடு எழுதுவார், ஒருவர் சரக்கு இருப்பைப் பார்ப்பார், ஒருவர் ஸ்பீக்கர் பெட்டிக்குச் சொல்வார். ஒவ்வொருவரும் எதுவரை படித்தோம் என்று தனித்தனியே அடையாள நூல் வைத்துக்கொள்வார்கள். இந்த நூலுக்கு ‘ஆஃப்செட்’ என்று பெயர்.

நூலை எப்போது நகர்த்துவது? வரியைப் படித்தவுடன் நகர்த்திவிட்டு, பேரேட்டில் எழுதுவதற்குள் கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்தால் அந்த வரி பேரேட்டில் ஏறவே ஏறாது. எழுதிவிட்டு நகர்த்தலாம் என்றால், எழுதிய பிறகு நகர்த்துவதற்குள் விழலாம். அடுத்து வருபவர் அதே வரியை மறுபடி எழுதுவார். முன்னது இழப்பு, பின்னது இரட்டிப்பு. பணம் என்றால் பின்னதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் பரிவர்த்தனை எண்ணைப் பார்த்து ‘இது ஏற்கெனவே ஏறிவிட்டது’ என்று தள்ளிவிடலாம். காணாமல் போனதை எந்த எண்ணை வைத்துத் தேடுவது?

பல கிளையண்டுகளில் 5 விநாடிக்கு ஒருமுறை நூல் தானாக நகரும்படி முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். வசதிதான். ஆனால் வேலை முடியும் முன் நூல் நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது எழுதுகிறவர் பொறுப்பு. இன்னொன்றும் உண்டு. சாதாரணமாக 5 நிமிடம்வரை அடுத்த கட்டைக் கேட்டு வராத ஜாவா கிளையண்டைச் செத்துவிட்டதாக நினைத்து, அதன் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடும் காஃப்கா. முதலாமவர் சாகவில்லை, ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இப்போது ஒரே வேலையை இரண்டு பேர் செய்துகொண்டிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது சத்தமில்லாத இழப்பு. சிட்டையின் பக்கங்களை ஆயுள் முழுக்க வைத்திருப்பதில்லை. காஃப்காவின் வழக்கமான ஏற்பாடு 7 நாள். படிக்கிற ஆப் பத்து நாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தால் அதன் நூல் இருந்த பக்கமே கிழிந்து போயிருக்கும். அப்போது, மாற்றி அமைக்காத கிளையண்ட், புலம்பாமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து படிக்க ஆரம்பித்துவிடும். நடுவில் போனவற்றை ஒருவரும் கேட்க மாட்டார்கள், மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்வரை.

வரிசை பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய சிட்டையைப் பல கட்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கட்டுக்குள்தான் வரிசை மாறாது; கட்டுக்குக் கட்டு உத்தரவாதம் இல்லை. ஒருவர் கணக்கில் 500 ரூபாய் போட்டதும் 450 எடுத்ததும் வெவ்வேறு கட்டில் விழுந்தால், எடுத்தது முதலில் வந்து ‘பணம் இல்லை’ என்று திருப்பி அனுப்பும். அதனால் ஒரே ஆளின் வரிகளுக்கு ஒரே அடையாளம் கொடுத்து ஒரே கட்டுக்கு அனுப்ப வேண்டும். பின்னாளில் கட்டுகளைக் கூட்டினால் எந்த ஆள் எந்தக் கட்டு என்பது மாறிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கிளவுட் சிட்டைக்குச் சாவி உண்டு. அந்த ரகசியச் சாவியைப் போன் ஆப்புக்குள் வைத்து ஊருக்கெல்லாம் விநியோகிப்பது வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். ஆப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஹாட்ஸ்டார் போல நடுவில் சர்வரை வைத்து, சாவி அங்கேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு. சிக்னல் போய்த் திரும்பி வந்த நேரத்தில் பெட்டி ஒரே தொகையை இரண்டு தடவை சொன்னால், உடனே சந்தோஷப்படவும் வேண்டாம், வாடிக்கையாளரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். போனில் உள்ள ஆப்பைத் திறந்து அந்த இரண்டு வரவுக்கும் 12 இலக்க யுபிஐ எண்ணைப் பாருங்கள். எண் வேறு வேறு என்றால் இரண்டு வரவு. ஒரே எண் என்றால் பணம் வந்தது ஒரு தடவை, பெட்டி பேசியதுதான் இரண்டு தடவை. பெட்டி வாயே திறக்காமல், வாடிக்கையாளர் மட்டும் பச்சை டிக்கைக் காட்டினாலும் அதே எண்ணைக் கேட்டு உங்கள் கணக்கில் தேடிப் பாருங்கள். அங்கே இருந்தால் பூவைக் கட்டிக் கொடுத்துவிடலாம்.