நான்கு எழுத்துக்குள் அடங்குமா நம் பிள்ளைகள்?



கண்ணில் புரை எடுத்திருந்ததால் இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. விசாரித்த எல்லோருக்கும் நன்றி. இப்போது நன்றாகத் தெரிகிறது. இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கலில் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பியின் பேத்தி பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். செவிலியர் ஆக வேண்டும் என்பது அவளுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே ஆசை. அதற்கு உயிரியல் பிரிவு எடுக்க வேண்டும். ஆனால் அவள் அப்பா வணிகவியல் பிரிவு என்று முடிவு செய்து வைத்திருந்தான்.

"ஏன்ப்பா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு கோப்பை எடுத்து நீட்டினான். இருபத்திரண்டு பக்கம், வழவழப்பான தாள், கலர் கலராகப் படங்கள். ஏதோ ஒரு வழிகாட்டி மையத்தில் பிள்ளையை ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து எடுத்த ஆளுமைச் சோதனையின் முடிவு. முதல் பக்கத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள். அதுதான் அவளுடைய 'வகை'. ஏழாம் பக்கத்தில், மனிதர்களோடு நெருங்கிப் பழகும் பணிகள் இவருக்குப் பொருந்தா என்று ஒரு வரி.

"மூவாயிரம் ரூபா குடுத்து எடுத்தது பெரியப்பா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றான்.

பிள்ளை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "நான் இன்ட்ரோவெர்ட்டாம் தாத்தா" என்றாள்.

நாற்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்த காது எனக்கு. அந்த 'ஆம்' என்னை உறுத்தியது. மழை வருமாம், விலை ஏறுமாம் என்று பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது போடுகிற 'ஆம்' அது. பதினைந்து வயதுப் பிள்ளை தன்னைப் பற்றியே யாரோ சொல்லக் கேட்டதுபோலச் சொல்கிறாள்.

கோப்பை இரவல் வாங்கி வந்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாம் பக்கத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், அவளைப் பற்றி ஜோசியர் எழுதிக் கொடுத்தது என்று சொல்லி. வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நிறைய யோசிப்பவர், நெருங்கியவர்களிடம் மட்டும் மனம் திறப்பவர், தன் உழைப்புக்கு உரிய பாராட்டு கிடைக்கவில்லை என்று சில நேரம் வருந்துபவர் என்று போனது அது. "ஆமாங்க, அப்படியே என்னையச் சொல்லியிருக்கான்" என்றாள். கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் படித்தேன். அவரும் தலையை ஆட்டினார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பொருந்தத்தான் செய்தது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து, 'இது உனக்கான முடிவு' என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அதற்குப் பிறகுதான் உடைத்தார்: எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை!

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நாட்டுக்கே தினசரி காலண்டர் அடித்துக் கொடுக்கிறவர்கள் நாம். ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். தாளின் அடியில் மேஷத்துக்கு வரவு, ரிஷபத்துக்குச் சிரமம், மிதுனத்துக்கு நன்மை என்று பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல். அச்சாபீஸில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் சொன்னான்: "அந்தத் தாளை அடிச்சது நான்தான் ஐயா. ஆனாலும் காலையில தாளைக் கிழிச்சதும் என் கண்ணு என் ராசிக்குத்தான் போகுது."

ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரம் நினைவிருக்கிறதா? காசு போட்டால் சின்ன அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நம் குணம். எடையை ஒரு நொடி பார்ப்போம், குணத்தை ஊர் வந்து சேரும்வரை வைத்துப் படிப்போம். நம்மைப் பற்றி யாராவது நாலு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்ற ஏக்கம் மனிதனுக்கு எப்போதும் உண்டு. அதில் தவறில்லை. அந்த அட்டையைக் காட்டி ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பதுதான் தவறு.

அந்த நான்கு எழுத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 1921-இல் மனித வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதை அடிப்படையாக வைத்து கேதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற அமெரிக்கத் தாயும் மகளும் உருவாக்கியதுதான் இந்தப் பதினாறு வகைச் சோதனை. இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு எழுத்து வந்துவிடுகிறது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தச் சோதனைக்குரிய அமைப்பே சொல்கிறது.

ஏன் எழுத்து மாறுகிறது? பரீட்சைத் தாள் திருத்தியவனுக்குத் தெரியும். 35 எடுத்தவன் தேர்ச்சி, 34 எடுத்தவன் தோல்வி. இரண்டு பேருக்கும் இடையில் மலையா இருக்கிறது? கோடு அங்கே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். கலகலப்பு, கூச்சம் என்பவையும் அப்படித்தான். பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மதிப்பெண், அந்தப் பக்கம் ஒரு மதிப்பெண். ஆனால் அறிக்கையில் இரண்டு பேரும் வேறு வேறு பிறவிகள் ஆகிவிடுகிறார்கள்.

பி.எட். படித்தபோது ஆல்ஃபிரட் பினே என்ற பெயரை மனப்பாடம் செய்திருக்கிறேன். 1905-இல் சைமன் என்பவரோடு சேர்ந்து முதல் அறிவுச் சோதனையை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அவர் அதைச் செய்தார். அறிவு என்பது பிறவியிலேயே அளந்து கொடுத்தது, கூடாது என்ற பேச்சை அவர் கடுமையாக எதிர்த்தார். உதவி செய்ய வந்த அளவுகோலை, ஒதுக்கி வைக்கும் முத்திரையாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் வகுப்பறைக்குள் போனதும் மறந்துவிட்டேன்.

இனி எழுதப்போவதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

1992. பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம், இதை அவன் படிப்பான். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் புத்தகம் நடுங்கும். குரல் வராது. ஆண்டு இறுதியில் அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார். மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டார். நான் சொன்னேன்: "பையன் நல்லவன். ஆனா நாலு பேர் முன்னாடி நிக்க மாட்டான். குனிஞ்ச தலை நிமிராம செய்யுற வேலையாப் பாத்து விட்டுருங்க." அரை நிமிடம் ஆகியிருக்காது. அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தத் தகப்பனுக்கு அது தெய்வ வாக்கு. அந்த மாதமே பையனை அச்சாபீஸில் பைண்டிங் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

பல ஆண்டு கழித்து விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். பந்தி முடிந்து வெளியே நின்று பேசினோம். அவன் வேலை பார்க்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பட்டாசு ஆலையில் நடந்த விபத்தைப் பற்றிச் சொன்னான். சத்தம் கேட்டதும் ஓடியிருக்கிறான். ஊரே ஓடி வந்திருக்கிறது. உள்ளே இன்னும் மருந்து இருக்கிறது, மறுபடி வெடிக்கும் என்று தெரிந்து, வாசலில் குறுக்கே நின்று ஆட்களைத் தடுத்திருக்கிறான். பெண்கள் அழுகிறார்கள், யார் தப்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கணக்குப்பிள்ளையிடம் இருந்த வருகைப் பதிவேட்டை வாங்கி, ஒரு மேட்டில் ஏறி நின்று, ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்திருக்கிறான்.

"நீங்க வகுப்புல அட்டெண்டன்ஸ் எடுப்பீங்களே ஐயா, அதே மாதிரி வாசிச்சேன். இருந்தவங்க குரல் குடுத்தாங்க. மூணு பேருக்குப் பதில் வரல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "அன்னைக்குத்தான் ஐயா எனக்குக் குரல் இருக்குன்னு எனக்கே தெரிஞ்சது. நாலு பேர் முன்னாடி நிக்க மாட்டேன்னு நீங்க சொன்னதாத்தான் அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. நான் செலவழித்த அரை நிமிடம் அவனுக்கு எத்தனை ஆண்டு!

மூவாயிரம் ரூபாய் அறிக்கையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இதுதான். அன்று நான் வாயால் செய்ததை இன்று கம்ப்யூட்டர் கலர் தாளில் செய்கிறது. என்னிடமாவது அந்தத் தகப்பன் திரும்ப வந்து கேட்டிருக்கலாம். கம்ப்யூட்டரிடம் யார் போய்க் கேட்பது?

எல்லாச் சோதனையும் வீண் என்று சொல்ல வரவில்லை. முறையாக ஆராய்பவர்கள் ஆட்களை வகை பிரிப்பதில்லை. ஐந்து பண்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒருவரிடம் கூடவா குறைவா என்று அளக்கிறார்கள். நல்ல ஆலோசகர் கையில் அது பேச்சைத் தொடங்க உதவும். எங்கே என்ன படிப்பு இருக்கிறது என்று காட்ட, 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களும் வேண்டும். கிராமத்துப் பிள்ளைக்கு வழி காட்டுவது நல்ல காரியம். 'உனக்கு இந்த வழி இல்லை' என்று கதவைச் சாத்துவது வேறு காரியம்.

இன்னொன்று. 'நீங்கள் எந்த மன்னர்?', 'உங்கள் மனசு என்ன நிறம்?' என்று வரும் விளையாட்டுகளை நம் குடும்பக் குழுவில் தினமும் பார்க்கிறேன். பிறந்த தேதியைக் கேட்கும், தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும், யோசிக்காமல் அழுத்திவிடுகிறோம். 2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெளியானது. ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைச் சோதனைக்குப் பதில் சொன்னவர்கள் சுமார் 2,70,000 பேர். அவர்கள் வழியாக நண்பர்களின் விவரமும் சேர்ந்து 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. இந்தியாவில் அந்தச் செயலியை இறக்கியவர்கள் வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர்! நம்மைத் தெரிந்துகொள்ளலாம் என்று நாம் பட்டனை அழுத்துகிறோம். நம்மைத் தெரிந்துகொண்டவன் வேறு எவனோ. தயவுசெய்து அழுத்தாதீர்கள்.

அப்படியென்றால் நம்மை நாம் எப்படித்தான் தெரிந்துகொள்வது? வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் வழி சொல்லியிருக்கிறார். ஒருவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்று உரசிப் பார்க்கும் கல், அவரவர் செய்யும் செயல்தான் என்கிறார். 1920-களில் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பிறகுதான் இந்த ஊரால் என்ன முடியும் என்று ஊருக்கே தெரிந்தது. போவதற்கு முன்னால் எந்தத் தாளில் அது எழுதியிருந்தது?

மறுநாள் திரும்பவும் தம்பி வீட்டுக்குப் போனேன். பிள்ளையிடம் மூன்றே கேள்வி கேட்டேன். யாரும் சொல்லாமல் நீயாகச் செய்த வேலை எது? என்ன உதவிக்கு மற்றவர்கள் உன்னைத் தேடி வருகிறார்கள்? முதல் நாள் சரியாக வராமல், மறுநாளும் விடாமல் செய்தது எது?

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். போன ஆண்டு அவள் அப்பத்தா இடுப்பு எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தது, மாத்திரை நேரத்தை நோட்டில் எழுதி வைத்தது, ராத்திரி கூடப் படுத்தது எல்லாம் இவள்தான். முதல் தடவை புரட்டும்போது அப்பத்தாவுக்கு வலித்துவிட்டதாம். மருத்துவமனையில் செவிலியர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து மறுபடி செய்திருக்கிறாள். உள்ளறையிலிருந்து என் தம்பி மனைவியின் குரல் வந்தது: "அவ கை பட்டா எனக்கு வலிக்காது மச்சான்."

அந்த ஒரு மணி நேரச் சோதனையில் இதை யாரும் கேட்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த அப்பனுக்கும் நினைவுக்கு வரவில்லை.

உயிரியல் பிரிவு என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அவள் நல்ல செவிலியர் ஆவாளா? எனக்குத் தெரியாது. 1992-இல் தெரியும் என்று நினைத்தேன், அந்தத் தவறை மறுபடி செய்ய மாட்டேன். செய்து பார்த்து அவளே தெரிந்துகொள்ளட்டும். கிளம்பும்போது, "நான் கொஞ்சம் கூச்சப்படுவேன் தாத்தா, ஆனா பாத்துக்குவேன்" என்றாள். இந்த முறை 'ஆம்' இல்லை.

என் மாணவர்களே, உங்கள் மாற்றுச் சான்றிதழில் 'ஒழுக்கமும் பண்பும்' என்ற இடத்தில் எல்லோருக்கும் 'நன்று' என்றே எழுதினோம். அதோடு நிறுத்தாமல் உங்களில் யாரிடமாவது, 'உனக்கு இது வராது' என்று நான் சொல்லியிருந்தால், இன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது எப்படிப் பொய்யாகப் போனது என்று நேரம் கிடைக்கும்போது எனக்கு எழுதுங்கள். கண் நன்றாகத் தெரிகிறது, எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா
விருதுநகர்